பச்சை அடுப்பு

கொல்லைப்புறத்தில் பீட்ஸா அடுப்பு கட்டி முடித்தாயிற்றா, சகோதரி? இன்றைக்கே மூட்டிவிட வீட்டில் எல்லோரும் பறப்பார்கள். இடம் கொடுக்காதீர்கள்! நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்ஸா ஒன்றரை நிமிஷத்துக்குள் வெந்துவிடும். அதற்கு 430 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடு வேண்டும். ஈரம் காயாத அடுப்பில் அந்தச் சூட்டை ஏற்றினால், உள்ளே தங்கிய தண்ணீர் ஆவியாகிச் சுவரைப் பிளந்துவிடும். ஒரு வாரம் நிழலில் உலரட்டும். மழைக்காலமானால் இன்னும் சில நாள். பிறகு நாலைந்து சுள்ளிகளை வைத்து, இளஞ்சூட்டில் சில மணி நேரம். மறுநாள் கொஞ்சம் கூட. இப்படியே ஐந்தாறு நாள். (வீட்டுக்காரரைப் பொறுக்க வைப்பதுதான் கஷ்டம்!) மயிரிழை போல விரிசல் கண்டால் பயமில்லை. மேல்பூச்சு இதெல்லாம் ஆன பிறகுதான். உள்ளே கரி படிந்து கறுத்திருக்கும் செங்கல், சரியான சூடு ஏறியதும் கரி எரிந்து வெளுக்கும். அப்போது மாவைத் தட்டுங்கள்.