கண்ணின் கடைமடை

நம் வீடுகளில் பல பெரியவர்கள் இரவு போஜனம் முடிந்ததும் இரண்டு காரியங்கள் செய்கிறார்கள். ஒன்று, ரத்த அழுத்தத்திற்கு மாத்திரை விழுங்குவது. மற்றொன்று, கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொள்வது. இவ்விரண்டிற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையென்றே நாம் எண்ணியிருக்கிறோம். சம்பந்தம் உண்டு என்று சொல்லவே இவ்வாரம் எழுதப் புகுந்தோம்.

கிளாக்கோமா என்னும் நோய் பார்வை நரம்பைச் சிறிது சிறிதாக அரிப்பது. பெரும்பாலோருக்கு வலியும் இராது, சிவப்பும் இராது. ஓரப் பார்வை முதலில் மங்கும்; போன பார்வை திரும்புவதில்லை. 1857-இல் பெர்லின் வைத்தியர் ஆல்பிரெக்ட் வான் கிரேஃபே, திடீரென்று மூளும் கடும் கிளாக்கோமாவை அறுவைச் சிகிச்சையால் தணிக்கலாம் என்று காட்டினார். கண்ணுக்குள் ஏறும் அழுத்தமே குற்றவாளி என்ற அபிப்பிராயம் வைத்திய உலகில் வேரூன்றியது.

பாதரஸக் கணக்கில் 21 மில்லிமீட்டர் வரை சாதாரண அழுத்தம் என்பார்கள். ஆனால் ஜப்பானில் தாஜிமி நகரில் நடந்து 2004-இல் வெளியான ஆராய்ச்சியில், திறந்த கோணக் கிளாக்கோமா கண்டவர்களில் 100-க்கு 92 பேரின் அழுத்தம் அந்த எல்லைக்குள்ளேயே இருந்தது. அப்படியானால் குற்றத்திற்குக் கூட்டாளி ஒருவன் இருக்க வேண்டுமல்லவா?

கடைமடை வயலுக்கு நீர் ஏறவில்லையென்றால் குடியானவர் இரண்டு காரணம் சொல்வார்: வயல் மேடாயிருக்கலாம், அல்லது வாய்க்காலில் நீர்மட்டம் தாழ்ந்திருக்கலாம். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடமும் ஒரு கடைமடையே. கண்ணின் அழுத்தம் வயலின் மேடு. ரத்த அழுத்தம் வாய்க்காலின் நீர்மட்டம். பின்னதில் முன்னதைக் கழித்தால் எஞ்சுவதே நரம்புக்கு ரத்தத்தைச் செலுத்தும் விசை. இவ்விசை குறைந்தவர்களிடையே கிளாக்கோமா அதிகம் என்று 1995-இல் வெளியான அமெரிக்க பால்டிமோர் ஆராய்ச்சி கூறியது.

இரவில்தான் அபாயம். உறங்கும்போது ரத்த அழுத்தம் இயல்பாகவே தாழ்கிறது. படுத்த நிலையில் கண்ணின் அழுத்தமோ சற்று ஏறுகிறது. இத்தருணத்தில் மாத்திரையும் சேர்ந்து ரத்த அழுத்தத்தை மேலும் இறக்கினால் நரம்பு பட்டினி கிடக்கக்கூடும். பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த டாக்டர் சோஹன் சிங் ஹைரே, 1994-இலேயே இதைக் குறித்து எச்சரித்தார். நம் நாட்டார் ஒருவரின் எச்சரிக்கையை நம் வீடுகளே அறியாதிருப்பது விசனத்திற்குரியது.

ஆயினும், ரத்த ஓட்டக் குறைவு நோயின் காரணமா, விளைவா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. நிரூபணமான சிகிச்சை கண்ணின் அழுத்தத்தைக் குறைப்பது ஒன்றே. ஆகவே சொட்டு மருந்தை விடலாகாது. ரத்த அழுத்த மாத்திரையையும் தாமாக நிறுத்தலாகாது. அது பக்கவாதத்தை விருந்துக்கு அழைப்பதாகும்.

செய்ய வேண்டியது இதுவே: கண் வைத்தியர் எழுதிய சீட்டை இருதய வைத்தியரிடமும், அவருடைய சீட்டைக் கண் வைத்தியரிடமும் காட்டுங்கள். மாத்திரையை எவ்வேளையில் உட்கொள்வது, 24 மணி நேரமும் ரத்த அழுத்தத்தை அளந்து பார்ப்பது அவசியமா என்பவற்றை அவர்கள் தீர்மானிப்பார்கள். இரு வைத்தியர்கள் இரு தெருக்களில் இருக்கலாம். அவர்கள் பார்க்கும் சரீரம் ஒன்றுதானே!