விழுந்த மரத்தை அன்றே விறகுக்கு விற்காதீர்கள்: காரைக்கால் வரப்பு மரங்களில் கடைசல் கட்டை எடுப்பது எப்படி?

வரப்பிலோ கொல்லையிலோ நிற்கும் மரத்தை வெட்ட நினைக்கும் விவசாயிக்கு எப்போதும் இரண்டு கவலை உண்டு. ஒன்று அனுமதி, இன்னொன்று விலை. அனுமதி விஷயத்தில் மத்திய அரசு இப்போது சில மாற்றங்களைக் கொண்டு வந்திருக்கிறது. விலை விஷயத்தில் மாற்றம் நம் கையில்தான் இருக்கிறது.

விதிகளில் என்ன மாற்றம்?

விவசாய நிலத்தில் வளர்க்கும் மரங்களை வெட்டுவதற்கான மாதிரி விதிகளை மத்திய சுற்றுச்சூழல், வனம் மற்றும் பருவநிலை மாற்ற அமைச்சகம் 2025 ஜூனில் வெளியிட்டது. நில விவரத்தையும் மர விவரத்தையும் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். 10 மரம் வரை என்றால் புகைப்படங்களைப் பதிவேற்றி இணையம் வழியாகவே சான்று பெறலாம். அதற்கு மேல் என்றால் நேரில் வந்து பார்த்த பிறகு அனுமதி. இதுதான் அதன் சாரம்.

ஆனால் இது மாதிரி விதிதான். மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் ஏற்று அறிவித்தால்தான் அந்தந்த இடத்தில் நடைமுறைக்கு வரும். எனவே அரிவாளை எடுக்கும் முன் புதுச்சேரி வனத்துறையின் காரைக்கால் அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

காரைக்கால்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. திருநள்ளாறில் ஏற்றினாலும் நெடுங்காட்டில் ஏற்றினாலும், மர வண்டி கொஞ்ச தூரத்திலேயே மயிலாடுதுறை அல்லது நாகை மாவட்ட எல்லையைத் தொட்டுவிடும். அதாவது அடுத்த மாநிலம். இப்படி மாநிலம் விட்டு மாநிலம் போகும் மரத்துக்காக, நாடு முழுவதற்கும் ஒரே போக்குவரத்து அனுமதி முறை 2023 டிசம்பரில் தொடங்கப்பட்டது. கட்டுப்பாடு இல்லாத மர வகைக்கு நீங்களே இணையத்தில் சான்று எடுத்துக்கொள்ளலாம். கட்டுப்பாடு உள்ள வகைக்கு வனத்துறை அனுமதி தேவை. "தாள் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வியாபாரி சொல்லி விலையைக் குறைத்தால், அந்தத் தாளின் மதிப்பு என்ன என்று இனி நீங்களே கணக்குப் போடலாம்.

விலை எங்கே போகிறது?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. டெல்டா முழுக்க மரம் விழுந்தபோது எல்லோருக்கும் ஒரே அவசரம்: பாதையை விடு, வயலைச் சுத்தம் செய். அப்படிப்பட்ட நேரத்தில் நல்ல மரமும் விறகு விலைக்கே போகும். அடுத்த புயலிலும் அதுதான் நடக்கும், நாம் முன்கூட்டியே தெரிந்துகொள்ளாவிட்டால்.

அடிமரத்துக்கு விறகைத் தவிர இன்னொரு வழி கடைசல். கிண்ணம், தட்டு, சொப்பு, ஜாடி என்று லேத்தில் கடைந்து செய்யும் பொருள்களுக்கான கட்டை இது. அம்பாசமுத்திரத்தில் மஞ்சள் கடம்பு மரத்தில் சொப்புச் சாமான் கடைந்தது பரம்பரைத் தொழில். கர்நாடகத்தின் சென்னபட்டணா பொம்மைகள் வெட்பாலை மரத்தில் கடைந்தவை. கடைசல் இல்லாமல் குடைந்து செய்யும் தஞ்சாவூர் வீணையின் குடத்துக்கும் வைரம் பாய்ந்த பலா அடிமரம்தான் வேண்டும்.

நம்மிடம் உள்ள மரங்கள்

பூவரசும் புன்னையும் நம் கடற்கரையில் சாதாரண மரங்கள். இதே இரண்டு மரங்களில்தான் பசிபிக் கடலின் ஹவாய்த் தீவு மக்கள் தலைமுறை தலைமுறையாக உணவுக் கிண்ணங்கள் செய்தார்கள். தூங்குமூஞ்சி மரத்தில் செய்த கிண்ணமும் அங்கே பேர் பெற்றது. மா, வாகை, பலா ஆகியவையும் நன்றாகக் கடையும்.

கரி மூட்டத்துக்குப் போகும் சீமைக் கருவேலத்தையும் ஒதுக்க வேண்டாம். அதன் நெருங்கிய இனமான மெஸ்கிட் மரத்தை அமெரிக்காவின் டெக்சாஸ் கடைசல்காரர்கள் விரும்பி வாங்குகிறார்கள். காயும்போது அது அதிகம் சுருங்காது, கோணாது என்பதே காரணம்.

வேம்பில் கசப்பு வாடை இருப்பதால் அலங்காரப் பொருளுக்கு மட்டும் கொடுங்கள். அரளி, எட்டி, தில்லை மரங்களை உணவுப் பாத்திரத்துக்குக் கொடுக்கவே கூடாது. தென்னைக்கு இந்த முறை பொருந்தாது. அதில் வெளிப்பக்கம் கெட்டி, நடு மிருது.

மரம் ஏன் வெடிக்கிறது?

பச்சை மரத்தில் உள்ள நீர், பக்கவாட்டை விட இரண்டு வெட்டு முகங்கள் வழியாகத்தான் வேகமாக வெளியேறும். முனை முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே இன்னும் ஈரம். அதனால் முனை வெடிக்கும். மேலும், மரம் வளையத்தின் போக்கில் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்கும் அளவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. எனவே மையப் புள்ளியை உள்ளே வைத்த உருட்டுக் கட்டை எப்படிக் காய வைத்தாலும் பெரும்பாலும் பிளக்கும். கட்டை எடுக்கும் முறை முழுவதும் இந்த இரண்டு காரணங்களைச் சுற்றித்தான்.

செய்ய வேண்டியவை

1. முதலில் ஆணி, முள்கம்பி பாருங்கள். வேலியோர மரத்தில் கம்பி உள்ளே புதைந்திருக்கும். ஓர் ஆணி இருந்தாலும் ரம்பம் போய்விடும், வாங்குபவரும் திரும்ப வரமாட்டார்.

2. அடிமரத்தைத் துண்டு போடாமல் நீளமாகவே வையுங்கள். நீளக் கட்டையில் இரண்டு முனை மட்டுமே வெடிக்கும். பத்துத் துண்டாக்கினால் இருபது முனை. வாங்குபவர் உறுதியான பிறகே துண்டு போட வேண்டும்.

3. வெட்டிய அன்றே இரு முனைகளிலும் உருக்கிய மெழுகு பூசுங்கள். இல்லாவிட்டால் மிச்சமான பெயின்ட்டை இரண்டு பூச்சு அடியுங்கள். பக்கவாட்டில் பூச வேண்டாம்.

4. நிழலில், மண்ணில் படாமல், கீழே குறுக்குக் கட்டை கொடுத்து அடுக்குங்கள். மண் பட்டால் கரையான் ஏறும். மா மரம் சில நாளிலேயே பூசணம் பிடித்துக் கறுக்கும், வண்டும் துளைக்கும். குளம் இருந்தால் கட்டையை முழுக்க மூழ்கும்படி ஊறப்போடும் நம் பழைய வழக்கம் நல்லது. நீருக்குள் வெடிப்பும் இல்லை, வண்டும் இல்லை.

5. கிண்ணத்தின் அகலத்தை விட இரண்டு அங்குலம் கூடுதல் நீளத்தில் துண்டு போட்டு, துண்டை நெடுக்காக மையத்தின் வழியே இரண்டாகப் பிளக்க வேண்டும். ஒவ்வொரு பாதியிலும் மையத்தை ஒட்டிய ஓர் அங்குலத்தைச் சீவி எறிய வேண்டும். தட்டையான பக்கம் கிண்ணத்தின் வாய், பட்டைப் பக்கம் அடி. மூலைகளைக் கழித்து வட்டமாக்கி மறுபடி மெழுகு பூசினால் கட்டை தயார். இதை வாங்குபவரை வைத்துக்கொண்டே செய்வது நல்லது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

4 அடி சுற்றளவும் 5 அடி நீளமும் உள்ள அடிமரம் ஒன்று. குறுக்களவு சுமார் 15 அங்குலம். முனை வெடிப்புக்கு 4 அங்குலம் கழித்தால் 14 அங்குலத்தில் நான்கு துண்டு. பிளந்தால் 12 அங்குலக் கிண்ணத்துக்கு எட்டுக் கட்டை. ஒவ்வொன்றிலும் சுமார் 5 அங்குல ஆழம் கிடைக்கும்.

இதே மரத்தைக் கன அடியில் விற்றால், சுற்றளவில் கால் பங்கை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். 1 × 1 × 5 என்று 5 கன அடி வரும். உண்மையில் அதில் இருப்பது சுமார் 6.4 கன அடி. அறுவைக் கழிவுக்காக இந்த முறை வழக்கத்தில் இருக்கிறது. கழிவு ஏற்கெனவே கழிந்துவிட்டது என்று தெரிந்தால், வியாபாரி மறுபடி கழிவு கேட்கும்போது நீங்கள் மறுக்கலாம். எடைக்கு விற்பதானால் நாள் தள்ளத் தள்ள ஈரம் போய் எடை குறையும். அந்த அவசரம்தான் நம்மை விறகு விலைக்குத் தள்ளுகிறது. கட்டையை எண்ணிக்கைக்கு விற்றால் அந்த அவசரம் இல்லை.

எதற்குச் செய்யலாம், எதற்குக் கூடாது?

காரைக்காலில் கடைசல் கட்டைக்கு நெல் போல நிலையான சந்தை கிடையாது. பக்கத்து ஊர் கடைசல் பட்டறை, மர இழைப்பகம், கைவினைப் பொருள் செய்பவர்கள் ஆகியோரிடம் புயல் காலத்துக்கு முன்பே பேசி வையுங்கள். அவர்களுக்கு என்ன மரம், என்ன அளவு வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் விறகு விலை எப்படியும் இருக்கிறது. ஒரு டப்பா மெழுகைத் தவிர வேறு நட்டம் இல்லை.

இதற்காக நிற்கும் மரத்தை வெட்டாதீர்கள். கடலோரக் கொல்லையில் நிற்கும் புன்னையும் பூவரசும் உப்புக் காற்றைத் தடுக்கும் வேலி. வயதாகி வெட்ட வேண்டிய மரம், புயலில் சாய்ந்த மரம் ஆகியவற்றுக்கே இந்த யோசனை. சாய்ந்த மரத்தில் இழுவிசை இருக்கும், கிளையில் மின்கம்பி மாட்டியிருக்கலாம். மின்துறை இணைப்பைத் துண்டிக்கும்வரை கிட்டே போக வேண்டாம். பழக்கப்பட்ட ஆளை வைத்தே அறுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் மூன்று வேலையை முடித்துவிடுங்கள்: உங்கள் மரங்களின் பட்டியலும் சுற்றளவும், வாங்குபவரின் தொலைபேசி எண், வீட்டில் ஒரு டப்பா மெழுகு. மரம் விழுந்த அன்று பேரம் பேச இவை கையில் இருக்க வேண்டும்.