தாத்தாவின் இரண்டாம் வருகை

செஞ்சிக்கு அண்மையில் சீயமங்கலத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த கோயிலைக் காண நாம் சென்றிருந்தபோது, ஊர்த் திண்ணையொன்றில் சில வாலிபர்கள் ஒரு சினிமாவைப் பற்றிக் காரசாரமாக வாதாடிக்கொண்டிருந்தனர். 2024-ம் வருஷம் ஜூலை 12-ந் தேதி வெளிவந்த 'இந்தியன்' இரண்டாம் பாகமே அது. படம் சலிப்பூட்டுகிறது என்பதில் அவர்களுக்குள் அபிப்பிராய பேதமில்லை. "ஆனாலும் ஐயா, அந்தத் தாத்தா மாதிரி நாலு பேர் நிஜமாகவே வந்தால்தான் சர்க்கார் ஆபீஸ்கள் திருந்தும்" என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையசைத்தனர். அந்தத் தலையசைப்பே எம்மை இன்று எழுதத் தூண்டிற்று.

1996-ல் வந்த முதற்படத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நேதாஜியின் படையில் சேவை செய்த சேனாபதி, லஞ்சம் வாங்குவோரை வர்மத்தால் முடக்கிக் கத்தியால் கொல்லுகிறார். ஸ்ரீ கமல்ஹாசனுக்கு தேசிய விருது தேடித்தந்த படம் அது. சட்டம் பயின்ற நாம், விசாரணையற்ற கொலையை அன்றும் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை. எனினும் அக்கதைக்கு ஒரு தர்மம் இருந்தது. லஞ்சம் பெற்றுப் பழுதான பஸ்ஸுக்கு அனுமதி அளித்து, பள்ளிக் குழந்தைகள் மாளக் காரணமானவன் தம் சொந்த மகனே என்று அறிந்தபோதும் கிழவரின் கை பின்வாங்கவில்லை. ஜனங்கள் நெஞ்சு கலங்கியது அந்த இடத்தில்தான், சண்டையில் அல்ல.

இருபத்தெட்டு வருஷங்களுக்குப் பின் டைரக்டர் ஸ்ரீ ஷங்கர் அவரைத் தைவானிலிருந்து அழைத்து வருகிறார். நூறு வயதைக் கடந்த கிழவர் ஒற்றைச் சக்கர வண்டியில் பறக்கிறார். வர்மமோ செப்படிவித்தையாகிவிட்டது! விரல் பட்டவன் குதிரைபோல் ஓடுகிறான். தென்பாண்டிச் சீமையிலும் குமரி நாட்டிலும் ஆசான்மார் நூற்றெட்டு வர்மங்களை வகுத்து, சித்த வைத்தியத்தோடு பிணைத்துக் கற்பித்து வந்தனர். அடிக்கத் தெரிந்த கைக்கு இளக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். பல வருஷம் பழகிக் குணம் அறிந்த பின்னரே மர்மங்களைச் சொல்லித் தருவர். அடக்கமே அக்கலையின் உயிர். படம் வெளியாகுமுன், முதற்படத்துக்குத் தாம் கற்பித்த முறைகளைத் தம் அனுமதியின்றி இதிலும் கையாண்டுள்ளனர் என்று மதுரை ஆசான் ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். வழக்கின் நியாயத்தைக் கோர்ட்டு பார்த்துக்கொள்ளட்டும். ஆசானின் கலையை எடுத்துக்கொண்டவர்கள் அவருடைய அடக்கத்தையும் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

இத்தனை ஆரவாரத்துக்கும் நடுவே நல்ல விதை ஒன்று கிடக்கிறது. உங்கள் வீட்டுக் குற்றவாளியை நீங்களே காட்டிக்கொடுங்கள் என்று சேனாபதி வாலிபர்களை ஏவுகிறார். லஞ்ச ஒழிப்பு இலாகாவிலேயே உத்தியோகம் பார்க்கும் தகப்பன் அகப்படுகிறான். தாய் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். வரவேற்ற ஜனங்களே 'திரும்பிப் போ' என்று கிழவரைத் துரத்துகின்றனர். பிறன் வீட்டில் சுத்தம் வேண்டும், தன் வீட்டில் நிம்மதி வேண்டும் என்னும் நம் சுபாவத்தை இதைவிட எப்படிக் காட்டுவது? இதையே மூன்று மணி நேரமும் எடுத்திருந்தால் நாமே வாசகர்களைக் கொட்டகைக்கு அனுப்பியிருப்போம். சண்டைக்கு இடம் விட்டு அது ஒதுங்கிவிட்டது.

சீயமங்கலத்தைக் குடைவித்த அதே அரசன் 'மத்தவிலாஸப் பிரஹஸனம்' என்னும் நகைநாடகமும் இயற்றினான். நியாயஸ்தலத்துக்குப் போய் என்ன லாபம், பணக்கார மடத்துச் சந்நியாசி அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவானே என்று அதில் ஒரு பாத்திரம் அலுத்துக்கொள்கிறது. ஆயிரத்து நானூறு வருஷங்களுக்கு முன், முடி தரித்தவன் தன் காலத்து நியாயஸ்தலத்தையே நகைத்தான். கொலைகாரக் கிழவர் யாரையும் அவன் வரவழைக்கவில்லை.

திண்ணை வாலிபர்களிடம் சினிமா சொல்லாத ஒரு விஷயத்தைச் சொன்னோம். 1988-ம் வருஷத்து லஞ்ச ஒழிப்புச் சட்டம் 2018-ல் திருத்தப்பட்டது. அதன்படி லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளியே. நிர்ப்பந்தத்தால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் போலீஸுக்கோ விசாரணை இலாகாவுக்கோ தெரிவித்தால் தண்டனையில்லை. கூட்டத்தில் சற்று நேரம் பேச்சில்லை. தாத்தாவை வேண்டிய வாலிபர், "ஏழு நாள்தானா? கொடுத்து ஒரு மாதமாகிவிட்டதே!" என்றார். பிறகு, இனிமேல் கேட்டால் எந்த விலாசத்துக்கு எழுத வேண்டும் என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார்.