தேமலுக்குப் பயந்தோம்

கழுத்தில் தேமல் விழுந்த பையனைப் பக்கத்தில் படுக்கவிட மாட்டோம். அவன் சட்டையைத் தனியே துவைப்போம். தூத்துக்குடிக் கடற்கரையில் தலைமுறையாக இப்படித்தான் நடந்துகொண்டோம். ஆனால் தேமல் ஒட்டுவாரொட்டி அல்ல. மலசீசியா என்னும் அந்தப் பூஞ்சை எல்லோர் தோலிலும் குடியிருந்து, தோலின் எண்ணெயில் பிழைப்பது. வியர்வையும் புழுக்கமும் கூடும்போது பெருகி, இழைவிட்டு, தோலை வெளுக்கச் செய்கிறது. அந்தப் பையனை ஒதுக்கியதற்கு ஒரு நியாயமும் இல்லை.

உண்மையில் ஒட்டுகிற படர்தாமரையையோ வீட்டுக்குள் வளர்த்தோம். சங்கு குளித்து வந்தவர் துவட்டிய துண்டிலேயே பிள்ளைகளும் துவட்டினார்கள். அரிப்புக்கு மருந்துக்கடையில் நாங்களே கேட்டு வாங்கிய டியூபில் குளோபெட்டசால் கலந்திருந்தது. அந்த ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அமுக்கும். கூடவே பூஞ்சையை விரட்டும் தோலின் எதிர்ப்பையும் அமுக்கும். மேலே ஆறியதுபோல் இருக்க, நோய் இடுப்பைச் சுற்றிப் பரவும். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாதென்று 14 ஸ்டீராய்டு களிம்புகளை 2018-ல் மத்திய அரசு கட்டுப்படுத்தியது. சீட்டுக் கேட்காத கடையைத் தேடிப் போனவர்கள் நாங்கள்தான். இதற்கிடையே, பூஞ்சைக்குக் கொடுக்கும் டெர்பினாஃபின் மாத்திரைக்கே மசியாத படர்தாமரைப் பூஞ்சை வகை ஒன்றுக்கு, 2020-ல் ஆராய்ச்சியாளர்கள் இந்தியாவின் பெயரைச் சேர்த்தே டிரைக்கோபைட்டன் இண்டோடினியே என்று பெயர் வைத்தார்கள்.

பெண்களுக்குச் செய்ததை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. இறால் கம்பெனியில் நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் ஊறிய விரல்களில் நகக்கண் வெடிக்கும். கேண்டிடா உள்ளே புகுந்துகொள்ளும். நகச்சுத்து என்று எலுமிச்சம்பழத்தைச் செருகிவிட்டு, மறுநாள் அதே தண்ணீருக்கு அனுப்பினோம். வெள்ளைப்படுகிறது என்றால் சூடு என்றோம், இளநீர் கொடுத்தோம். குடலிலும் பிறப்புறுப்பிலும் சும்மா இருக்கிற அதே கேண்டிடாதான் ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் பெருகும். திரும்பத் திரும்ப அரிக்கிறது என்று அவர்கள் தயங்கிச் சொன்னபோதே ரத்தம் பரிசோதித்திருக்க வேண்டும்.

2021 மே மாதம் கருப்புப் பூஞ்சையை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகத் தமிழக அரசு சேர்த்தபோது நடுங்கினோம். மண்ணிலும் காற்றிலும் என்றும் இருக்கிற பூஞ்சைக்கு, அடங்காத சர்க்கரையும் கொரோனாவுக்கு மிதமிஞ்சி எடுத்த ஸ்டீராய்டும் வழிவிட்டன. இரண்டுமே எங்கள் வீட்டில் முன்பே இருந்தவை. அப்போதும் அலமாரியிலிருந்த டியூபை எடுத்து அதில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. மதினிக்குச் சர்க்கரை 300-க்கு மேல் என்று தெரிந்தது, அரிப்பைப் பற்றி அவர் முதலில் வாய்திறந்து நான்கு வருஷம் கழித்து.