பாய்மரப் படகு ஜன்னலுக்கு லெக்ஸான் வேண்டாம்

1970களில் பிரிட்டனில் கட்டின ஃபைபர் கிளாஸ் பாய்மரப் படகுகள் இன்னைக்கும் நிறைய ஓடிக்கிட்டிருக்கு. வெஸ்டர்லி சென்டார் என்கிற 26 அடி மாடல் மட்டுமே 2000க்கு மேல் கட்டினாங்க. இந்த வயசுப் படகுகளில் பல சமயம் ஹல் கல்லு மாதிரி இருக்கும், ஜன்னல்தான் முதலில் போகும். கேபின் பக்கச் சுவரில் அலுமினிய ஃப்ரேமில் மாட்டின அக்ரிலிக், பல வருஷ வெயிலில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய விரிசல் விட்டு மங்கிப் போயிருக்கும். ஓனர் கடைக்குப் போனா ரெண்டு ஷீட் காட்டுவாங்க. ஒண்ணு அக்ரிலிக், அதாவது பெர்ஸ்பெக்ஸ், பிளெக்ஸிகிளாஸ் வகை. இன்னொண்ணு பாலிகார்பனேட், அதாவது லெக்ஸான், மாக்ரோலான் வகை.

"சுத்தியலால அடிச்சாலும் உடையாது சார்" என்று சொன்னதும் பலர் பாலிகார்பனேட்டை வாங்கிடுவாங்க. அது தப்பான தேர்வு என்பது என் கருத்து.

கடைக்காரர் பொய் சொல்லலை. நாட்ச் போட்ட ஐசாட் டெஸ்டில் அக்ரிலிக் மீட்டருக்கு 20 ஜூல் பக்கம்தான் வரும். பாலிகார்பனேட் 600ஐத் தாண்டும். ஆனா கடல் அலை சுத்தியல் இல்லை. அது ஷீட் முழுக்கப் பரவி அழுத்துற தண்ணி. அங்கே முதலில் பார்க்க வேண்டியது எலாஸ்டிக் மாடுலஸ். அக்ரிலிக்குக்கு சுமார் 3.2 ஜிகா பாஸ்கல், பாலிகார்பனேட்டுக்கு சுமார் 2.4. ஒரே தடிமன்னா பாலிகார்பனேட் மூணுல ஒரு பங்கு அதிகமா வளையும். இதோட நின்னா பரவாயில்லை. "இதுதான் ஸ்ட்ராங் ஆச்சே, 6 மில்லிமீட்டருக்குப் பதிலா 4 போதும்" என்று ஒருத்தர் காசை மிச்சம் பிடிப்பார். ப்ளேட் வளைவு தடிமனோட கனத்துக்கு எதிர்விகிதம் என்பது நமக்கு எக்ஸாம் வரைக்கும் ஞாபகம் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க: ஆறுக்கு நாலு, அதன் கனம் 3.4 மடங்கு, மாடுலஸ் வித்தியாசத்தையும் சேர்த்தா பழசை விட நாலரை மடங்கு வளைவு. ஷீட் உடையாது. ஆனா நடுவில் குழிஞ்சு, ஓரம் ரப்பர் காஸ்கெட்டை விட்டு நழுவி, முழுசா உள்ளே வந்து விழும்.

விழுந்தா என்ன ஆகும்? 70க்கு 28 சென்டிமீட்டர் ஜன்னல் என்று வச்சுக்குவோம். படகு சாய்ஞ்சு அந்த ஓட்டை சராசரியா 30 சென்டிமீட்டர் தண்ணிக்குள்ள இருந்தா, ஆரிஃபிஸ் ஃபார்முலாவில் 0.6 கோ-எஃபிஷியன்ட் போட்டாலே வினாடிக்கு 280 லிட்டர் உள்ளே வரும். கையால் அடிக்கிற பில்ஜ் பம்ப் நிமிஷத்துக்கு 100 லிட்டர் எடுத்தா நல்ல பம்ப். பெரிய அலையிலிருந்து படகு பக்கவாட்டில் விழும்போது, அலை வந்த பக்கத்தை விட எதிர்ப்பக்கத்து ஜன்னல்தான் தண்ணியில் அறைபடும் என்பதையும் சேர்த்து யோசிங்க.

அதுக்கு மேல வெயில். கோட்டிங் இல்லாத பாலிகார்பனேட் சூரிய ஒளியில் மஞ்சளாகும். அடி தாங்கும் குணமே குறைஞ்சுக்கிட்டு வரும். எதுக்காக வாங்கினோமோ அதுவே போயிடும். உப்பைத் துணியால் துடைச்சாலே கீறல் விழற அளவுக்கு மென்மையான மேற்பரப்பு வேற. கோட்டிங் உள்ள ஷீட் இருக்கு, விலை கூட. அக்ரிலிக் கீறினாலும் பாலிஷ் போட்டு எடுத்துடலாம். அக்ரிலிக்கை அலங்காரப் பொருள்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தகவல்: ஜப்பானின் ஷின்காய் 6500 மாதிரி ஆழ்கடல் நீர்மூழ்கிகளின் பார்வை ஜன்னலே அக்ரிலிக்தான்.

ஆனா எந்த அக்ரிலிக்னு கேட்டு வாங்கணும். காஸ்ட் ஷீட்தான் வேணும், எக்ஸ்ட்ரூடட் வேண்டாம். காஸ்ட் ஷீட்டின் மாலிக்யூலர் வெயிட் அதிகம், வலை விரிசல் சீக்கிரம் வராது, ட்ரில் போடும்போது உருகி ஒட்டாது. நம்ம ப்ராஜெக்ட்டுக்கு லேசர் கட் பண்ணின அக்ரிலிக் கவரை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சதும் ஓரத்தில் சடசடன்னு விரிசல் ஓடுறதைப் பார்த்திருப்பீங்க. உள்ளே மாட்டிக்கிட்ட ஸ்ட்ரெஸ்ஸும் சால்வென்ட்டும் சேர்ந்தா நடக்கிற அதே கதைதான் படகிலும். ஒட்டுறதுக்கு முன்னாடி அசிட்டோன் துணியால் துடைக்கிறவர், கவுன்டர்சங்க் ஸ்க்ரூ போட்டு இறுக்குறவர், ரெண்டு பேருமே எந்த பிளாஸ்டிக்கை வாங்கியிருந்தாலும் அதைக் கொல்லுறாங்க. வெப்ப விரிவிலும் ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். 40 டிகிரி ஏறினா 70 சென்டிமீட்டர் ஷீட் 2 மில்லிமீட்டர் நீளும், அலுமினிய ஃப்ரேம் 0.6 மட்டும். அதனால ஓட்டையை ஸ்க்ரூவை விடப் பெருசா போடணும். நடுவில் பியூட்டைல் டேப்போ நியூட்ரல் க்யூர் சிலிகானோ போதும். பாலிசல்ஃபைடு சீலண்ட் பக்கமே போகக் கூடாது.

"அப்போ பாலிகார்பனேட் எதுக்கும் ஆகாதா?" ஆகும். புயல் ஷட்டர் செய்ய அதை விட நல்லது கிடையாது. கடல் ரேஸ்களுக்கான வேர்ல்ட் செயிலிங் விதிகளே 1852 சதுர சென்டிமீட்டருக்கு மேற்பட்ட ஜன்னல்களுக்கு அப்படி ஒரு மூடி கேட்குது. நாம எடுத்துக்கிட்ட ஜன்னல் 1960. ப்ளைவுட்டில் செஞ்சா கேபின் இருட்டாகும், பாலிகார்பனேட்டில் செஞ்சா வெளிச்சம் வரும். ஜன்னலை விடப் பெருசா வெட்டி வெளிப்பக்கம் போல்ட் போடுறதால அலை அதைச் சுவரோட சேர்த்துத்தான் அழுத்தும், நழுவி உள்ளே வர வழியில்லை. மத்த நாளெல்லாம் படுக்கைக்கு அடியில் கிடக்கும், வெயில் படாது, மஞ்சளாகாது. போல்ட் ஓட்டையெல்லாம் கரையில் இருக்கும்போதே போட்டு, ஒரு தடவை மாட்டியும் பார்த்துடணும். ஆடுற டெக்கில், ஈரக் கையோட, இருட்டில் ஓட்டை பொருந்துதான்னு தேடிக்கிட்டிருக்க முடியாது.