தாயில்லாக் குஞ்சும் கொல்லைக் கோழிகளும்

"கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?" என்று பெரியோர் கேட்பர். சாகாதுதான். ஆனால் அப்பழமொழியில் வரும் கோழி, பெற்ற தாய். தாயில்லாமல் வந்து சேரும் குஞ்சைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை.

திருவிழாக் கடைகளில் பச்சையும் ரோஸுமாகச் சாயம் பூசி விற்கும் குஞ்சுகளை நம்மில் பலர் ஆசையோடு வாங்கி வருகிறோம். அவை பொரிப்பகத்தில் இயந்திரச் சூட்டில் பொரித்தவை, தாய்முகம் அறியாதவை. அவற்றைக் கொல்லையில் மேயும் கோழிகளிடையே விட்டுவிட்டு, "இரண்டு நாள் கொத்துப்படும், பிறகு பழகிவிடும்" என்பது வீடுகளில் வழக்கம். இவ்வழக்கம் தவறு என்பதே எங்கள் கருத்து.

எது எதைக் கொத்தலாம் என்பதில் கோழிகளுக்குள் ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டு விலங்கியல் அறிஞர் ஷெல்டெரூப்-எப்பே சிறுவயது முதலே கோழிகளைக் கவனித்து வந்து, 1922இல் இதனை விளக்கி எழுதினார். புதிதாக வரும் பெரிய கோழி சண்டையிட்டுத் தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நாற்பது கிராம் குஞ்சு ஒன்றரைக் கிலோப் பெட்டையிடம் என்ன சண்டையிடும்? ஒரு துளி இரத்தம் கசிந்தால் போதும். மற்றவையும் அதே இடத்தைக் கொத்தத் தொடங்கும். பழகுவதற்குள் குஞ்சு இராது. இருட்டில் கூட்டுக்குள் விட்டால் அடையாளம் தெரியாது என்பாரும் உளர். கோழி தன் கூட்டத்தாரைக் கொண்டையையும் முகத்தையும் கொண்டு அறியும், விடிந்தால் தெரிந்துவிடும்.

அடைக்கோழி ஒன்று அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்தால் அது நல்வாய்ப்பு. பிறந்து ஓரிரு நாளே ஆன குஞ்சை இரவில் அதன் இறக்கைக்கடியில் வைத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். அப்போதும் காலையில் அருகிருந்து பார்க்கவேண்டும்.

அடைக்கோழி இல்லாத வீட்டுக்குப் பஞ்சாரமே தாய். முதல் சில வாரம் குஞ்சை வீட்டுக்குள் குண்டு பல்பின் சூட்டில் தனியே வைக்கவேண்டும். நோய் ஏதும் இருந்தால் இதற்குள் தெரிந்துவிடும். வெள்ளைக் கழிச்சலுக்குரிய சொட்டு மருந்தையும் முதல் வாரத்திலேயே விட்டுவிடலாம். இறகு முளைத்தபின் பகலில் கொல்லையில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதனுள் விடவேண்டும். மூங்கில் இடுக்கு வழியே பெரிய கோழிகள் பார்க்கும், சீறும், சலித்துப்போய் மேயப் போய்விடும். இந்தச் சலிப்புத்தான் நமக்கு வேண்டியது! பூனைக்கும் பருந்துக்கும் அதே பஞ்சாரம் காவல்.

ஒற்றைக் குஞ்சு வாங்குவதை நாங்கள் ஒப்பவில்லை. இரண்டு மூன்றாக இருந்தால் கொத்து ஒன்றின்மீதே விழாது. குளிருக்கு ஒன்றையொன்று அணைத்துக்கொள்ளும்.

இத்தனை வாரம் யார் காத்திருப்பது என்று அம்மாமார் கேட்கலாம். நாற்பது கிராம் உயிரை விலை கொடுத்து வாங்கியவர்கள் நாம்தானே! முக்கால் பருவம் வளர்ந்தபின் மாலையில், கூடடையச் சற்று முன்னர், நம் கண்ணெதிரில் திறந்துவிடலாம். தீவனத் தட்டு இரண்டு இடத்தில் இருக்கட்டும். முட்டைக் கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அது வளரும் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் குஞ்சுக்குரியதைத் தனியே வைக்கவேண்டும். ஓடி ஒளிய விறகடுக்கின் இடுக்கோ சாய்த்துவைத்த பலகையோ போதும். எவரும் சொல்லாமல் அது மற்றவற்றோடு கூட்டுக்குள் ஏறும் மாலையன்று பஞ்சாரத்தைப் பரண்மேல் ஏற்றிவிடலாம்.