ஆட்டுக்குட்டிக்குச் சிம்மாசனம்! ஏன்?

ஒரு சிம்மாசனம். அதைச் சுற்றி வானவில். எதிரே ஏழு தீபங்கள் எரிகின்றன. நடுவே ஒரு ஆட்டுக்குட்டி நிற்கிறது.

அந்த ஆட்டுக்குட்டிக்கு ஏழு கொம்புகள்! ஏழு கண்கள்! அது வெட்டுப்பட்டது போலத் தோன்றுகிறது. ஆனாலும் உயிரோடு நிற்கிறது!

இது மாயாஜாலப் படத்தில் வரும் காட்சி அல்ல. கிறிஸ்தவர்களின் வேதமான பைபிளின் கடைசிப் பகுதியில் வரும் காட்சி. அந்தப் பகுதிக்கு "வெளிப்படுத்தின விசேஷம்" என்று பெயர். கத்தோலிக்கர்கள் "திருவெளிப்பாடு" என்பார்கள்.

இதைக் கேட்டதும் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. "கடவுளுக்கு ஏழு கொம்பா?" என்கிறார்கள். சிலருக்குப் பயம் வருகிறது. "உலகம் அழியப்போகிறது" என்று நடுங்குகிறார்கள்.

இரண்டும் தவறு. படத்தைப் பார்த்துவிட்டு, பொருளைப் பார்க்காமல் போவதால் வரும் தவறு.

சேவூருக்குத் தெரிந்த பாடம்

படத்துக்குப் பொருள் காண்பது பெரிய படிப்பு அல்ல. திருப்பூர் மாவட்டம், அவிநாசிக்கு அருகே இருக்கும் சேவூர் மக்களைக் கேளுங்கள்.

அவிநாசியில் முதலை வாயில் இருந்து ஒரு பிள்ளை வெளியே வரும் சிற்பம் இருக்கிறது. சுந்தரர் பாடி, முதலை விழுங்கிய பிள்ளையை மீட்ட கதை அது. அதைப் பார்க்கிற தாய், முதலையின் நீளத்தையா கேட்கிறாள்? "போன உயிரையும் கடவுள் மீட்டுத் தருவார்" என்று நினைத்துக் கும்பிடுகிறாள்.

1951-52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஓட்டுப் போடச் சின்னங்கள் கொடுத்தார்கள். காங்கிரசுக்கு இரட்டைக் காளை. ஓட்டுப் போட்டவர்கள், டெல்லிக்குக் காளை மாடுகள் போகும் என்றா நினைத்தார்கள்?

பனியன் பெட்டியின் மேல் யானைப் படம் இருந்தால், உள்ளே யானையைத் தேடுவாரா யாராவது?

சின்னம் வேறு, பொருள் வேறு. இது எல்லாருக்கும் தெரியும். கடவுள் விஷயம் என்று வந்ததும்தான் மறந்துபோகிறது!

புத்தகமே சொல்லும் விளக்கம்

வெளிப்படுத்தின விசேஷத்தை எழுதியவர் பெயர் யோவான். பத்மு என்ற சிறிய தீவில் இருந்தபோது இந்தக் காட்சிகளைக் கண்டதாக அவரே சொல்கிறார். கி.பி. 95-ஐ ஒட்டி இது எழுதப்பட்டது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. இன்றைய துருக்கி நாட்டில் இருந்த ஏழு சபைகளுக்கு அதை அனுப்பினார்.

முதல் காட்சியில் ஏழு பொன் விளக்குகள். தமிழ் பைபிளின் பழைய மொழிபெயர்ப்பில் அவற்றைக் "குத்துவிளக்கு" என்றே போட்டிருக்கிறார்கள். எவ்வளவு பொருத்தம்! நம் வீட்டுக் குத்துவிளக்கு அந்தக் காட்சிக்குள் வந்து நிற்கிறது.

அந்த விளக்குகள் எவை? யோசித்துக் குழம்ப வேண்டாம். அதே அதிகாரத்தின் முடிவில் விடை இருக்கிறது. ஏழு விளக்குகள் என்பவை ஏழு சபைகள். பின்னால், பொன் கிண்ணங்களில் தூபம் வருகிறது. தூபம் என்பது பக்தர்களின் ஜெபம் என்று புத்தகமே சொல்லிவிடுகிறது.

அதாவது, "நான் சின்னங்களால் பேசுகிறேன், அப்படியே படியுங்கள்" என்று புத்தகமே பாடம் நடத்துகிறது!

அந்த வழியில் மேலே போனால் மற்றவையும் விளங்கும். கொம்பு என்றால் பலம். கண் என்றால் அறிவு. ஏழு என்றால் முழுமை. ஏழு கொம்பும் ஏழு கண்ணும் என்றால், குறைவில்லாத பலமும் குறைவில்லாத அறிவும்.

ஏசுநாதரின் வாயில் இருந்து வாள் புறப்படுவதாகவும் ஒரு காட்சி. வாள் கையில் இல்லை, வாயில்! ரோமாபுரி அரசனின் ஆயுதம் இரும்பு வாள். ஏசுநாதரின் ஆயுதம் சொல். இவ்வளவுதான் பொருள்.

சிங்கம் எங்கே?

எல்லாவற்றையும்விடப் பெரிய அதிசயம் ஆட்டுக்குட்டி வரும் இடத்தில் இருக்கிறது.

ஏழு முத்திரை போட்ட ஒரு சுருளை யாராலும் திறக்க முடியவில்லை. யோவான் அழுகிறார். "அழாதே, யூதா கோத்திரத்துச் சிங்கம் வென்றுவிட்டது" என்ற கருத்தில் அவருக்கு ஆறுதல் சொல்லப்படுகிறது. அவர் நிமிர்ந்து பார்க்கிறார்.

சிங்கம் இல்லை. ஆட்டுக்குட்டி நிற்கிறது!

காதில் விழுந்தது சிங்கம். கண்ணில் பட்டது ஆட்டுக்குட்டி. இந்தப் புத்தகத்தின் சாரமே இதுதான். அடித்து வெல்பவன் அல்ல, அடிபட்டும் அன்பை விடாதவனே உலகை வெல்வான் என்பது அந்தப் படத்தின் பொருள். அரசாங்கத்தின் கொடுமைக்குப் பயந்து வாழ்ந்த ஏழை மக்களுக்கு அது எத்தனை பெரிய ஆறுதல்!

ஆறுதலுக்காக எழுதிய கடிதத்தைப் பயமுறுத்தப் பயன்படுத்துவது என்ன நியாயம்?

666 என்ற பூச்சாண்டி

பயமுறுத்துவோர் பிடித்துக்கொள்ளும் எண் 666. ஒரு கொடிய மிருகத்தின் எண் என்று அந்தப் புத்தகத்தில் வருகிறது.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஏற்றுமதித் துணிகளுக்குப் பார்கோடு ஒட்டுகிறார்கள். அந்தக் கோடுகளில் 666 ஒளிந்திருக்கிறது என்று வெளிநாடுகளில் ஒரு புரளி கிளம்பியது. மிசோரமில் சில கிறிஸ்தவர்கள் இதே எண்ணைச் சொல்லி ஆதாரை எதிர்த்தார்கள். கொரோனா காலத்தில் தடுப்பூசியையும் அந்த மிருகத்தின் முத்திரை என்று சிலர் பரப்பினார்கள். அதை நம்பி ஊசியை வேண்டாம் என்று சொன்னால் யாருக்கு ஆபத்து? வீட்டில் இருக்கும் பாட்டிக்கும் தாத்தாவுக்கும்தான்!

பார்கோட்டின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் இருக்கும் இரட்டைக் கோடுகள் 6 என்ற எண்ணே அல்ல. "இங்கே தொடங்கு, இங்கே முடி" என்று கருவிக்குச் சொல்லும் அடையாளம்.

அப்படியானால் 666 என்ன? பழைய எபிரேய மொழியில் எழுத்துகளே எண்களாகவும் பயன்பட்டன. தமிழிலும் 8-க்கு உரிய குறி "அ" போல இருக்கும். கால் என்ற அளவுக்கு உரிய குறி "வ" போல இருக்கும். இந்த இரண்டையும் வைத்து ஔவையார் ஒருவரை "அவலட்சணம்" என்று சொல்லாமல் சொன்ன கதை ஊரறிந்தது. யோவான் செய்ததும் அதுபோலத்தான்.

"நீரோ மன்னன்" என்ற பெயரை எபிரேய எழுத்துகளில் எழுதிக் கூட்டினால் 666 வருகிறது! கி.பி. 54 முதல் 68 வரை ரோமாபுரியை ஆண்டு, கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்தியவன் நீரோ. சில பழைய பிரதிகளில் 666-க்குப் பதில் 616 இருக்கிறது. நீரோவின் பெயரை லத்தீன் முறையில் எழுதிக் கூட்டினால் அந்த 616-ம் கிடைக்கிறது. ஆகவே அந்த எண் நீரோவைக் குறிக்கிறது என்பது அறிஞர்கள் பலரின் முடிவு.

பெயரைச் சொன்னால் தலை போகும். அதனால் எண்ணால் சொன்னார். பனியன் பெட்டிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

எளிய பொருளே நல்லது

கடவுளைக் காட்ட ஆட்டுக்குட்டியையும் புறாவையும் எடுப்பானேன்? இன்னும் உயர்ந்த பொருள் கிடைக்கவில்லையா?

13-ம் நூற்றாண்டில் வாழ்ந்த ஞானி தாமஸ் அக்வினாஸ் இதற்குப் பதில் சொல்லி இருக்கிறார். உயர்ந்த பொருளால் காட்டினால், அந்தப் பொருளையே கடவுள் என்று மனிதன் ஏமாந்துபோவான். எளிய பொருளால் காட்டினால் ஏமாற மாட்டான் என்பது அவர் வாதம்.

1373-ல் இங்கிலாந்தில் ஜூலியன் என்ற பெண் ஒரு காட்சி கண்டார். உள்ளங்கையில் ஒரு சிறு கொட்டை அளவில் ஏதோ ஒன்று இருந்தது. "என்ன இது?" என்று வியந்தார். படைக்கப்பட்ட உலகம் முழுவதும் அதுதான் என்று அவருக்கு விளங்கியது. இவ்வளவு சிறியது எப்படி அழியாமல் இருக்கிறது? கடவுளின் அன்பு அதைத் தாங்குகிறது என்று உணர்ந்தார்.

சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நிலக்கடலை மூட்டை கொண்டுவரும் விவசாயிக்கு இதை விளக்க வேண்டியது இல்லை. ஒரு சிறு பருப்பில் ஒரு வருஷத்து மழையும் வெயிலும் குடும்பத்தின் உழைப்பும் அடங்கி இருப்பது அவருக்குத் தெரியும்.

பால் கேட்ட தாய்

நம் நாட்டு வேளாங்கண்ணியையே பாருங்கள். பால் கொண்டுபோன சிறுவனுக்கு மாதா காட்சி தந்தார் என்பது பரம்பரைச் செய்தி. குழந்தைக்குப் பால் கேட்டாராம். மோர் விற்ற கால் ஊனமுற்ற பையனிடம் மோர் கேட்டாராம். புயலில் சிக்கிய போர்ச்சுக்கீசிய மாலுமிகளைக் கரை சேர்த்தாராம். அந்தக் கோவிலை 1962-ல் போப் 23-ம் ஜான் "பசிலிக்கா" என்ற உயர்ந்த நிலைக்கு ஏற்றினார்.

கடவுளின் தாய் ஏழைப் பையனிடம் கை நீட்டிக் கேட்கிறார்! ஏழையிடமும் கொடுக்க ஒன்று உண்டு, அதைக் கடவுள் மதிக்கிறார் என்பது அதன் பொருள். கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர், மாதாவைத் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் பெரியநாயகியாக நிறுத்தியதும் இதற்காகத்தான். தாய் அந்நியமாகத் தெரியக் கூடாது!

காட்சி கண்டேன் என்பவர் எல்லாரையும் நம்ப வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையும் சொல்லவில்லை. 2024 மே மாதம் வாடிகன் புதிய விதிகளை வெளியிட்டது. அதில் பணம் பறிக்கும் நோக்கம் உண்டா என்று பார்ப்பதும் ஒரு சோதனை.

வெறும் கயிறா?

"அப்படியானால் எல்லாம் வெறும் சின்னம்தானே?" என்று கேட்கலாம்.

தாலியும் மஞ்சள் கயிறுதான். "வெறும் கயிறுதானே" என்று எந்தக் குடும்பத்திலாவது சொல்லிப் பாருங்கள்! சின்னம் என்றால் பொய் அல்ல. வாயால் சொல்லி முடியாத உண்மைக்கு மனிதன் கொடுத்த உருவம் அது.

ஆகவே, வீட்டில் பிள்ளைகள் கேட்டால் சிரித்து ஒதுக்காதீர்கள். பயமுறுத்தவும் செய்யாதீர்கள். "இந்தப் படம் என்ன சொல்கிறது?" என்று அவர்களையே யோசிக்கச் செய்யுங்கள்.

யாராவது ஒரு காட்சியைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தினால், மருந்தைத் தடுத்தால், பணம் கேட்டால், விலகி நில்லுங்கள். அந்தக் காட்சி பக்கத்து வீட்டுக்காரரிடம் இன்னும் கொஞ்சம் அன்பாக இருக்கத் தூண்டினால், அதன் பொருள் உங்களுக்குக் கிடைத்துவிட்டது.